கடைசியா என்னத்தத் தொட்டிய?

எங்கள் பக்கத்தில் எந்தப் பொருளையும் யாரும் உடைப்பதில்லை. அது தானாக உடைகிறது. பால் தானாகப் பொங்கி அடுப்பை அணைக்கும். படல் தானாகத் திறந்து ஆடு அடுத்தவர் தோட்டத்தில் மேயும். தப்புச் செய்தவர் பக்கத்திலேயே நிற்பார். கேட்க வந்தவரும் மரியாதை தெரிந்தவர், அவர் முகத்தைப் பார்க்காமல் ஆட்டைப் பார்த்துப் பேசுவார். "தானா ஆயிருச்சுங்க" என்று ஒருவர் சொல்ல, "அது செரீங்க, என்ன பண்றது" என்று மற்றவர் முடித்துவிடுவார். பொங்கலூரில் பிறந்து, அவிநாசிபாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் எனக்கு, அவள் வந்து சேரும்வரை இந்த வழக்கத்தில் ஒரு குறையும் தெரிந்ததில்லை.

அவள் எங்களுக்கு மென்பொருள் விற்ற நிறுவனத்தின் சர்வீஸ் ஆள். சட்டையின் முன்பாகம், பின்பாகம், கை எல்லாவற்றையும் இப்போது கம்ப்யூட்டரில்தான் வரைகிறோம். வரைந்ததற்குப் பேட்டர்ன் என்று பெயர். அதைத் துணியின் அகலத்துக்குள் நெருக்கி அடுக்கி, பிளாட்டர் என்கிற பெரிய அச்சு மிஷினில் நீளப் பேப்பராக எடுத்துக் கட்டிங் மேஜைக்கு அனுப்புவோம். துணி அடுக்கின் மேல் அந்தப் பேப்பரை விரித்து, கோட்டின் மேலேயே கத்தியை ஓட்டுவார்கள். வரைகிற வேலை என்னுடையது. வரைய முடியாமல் நின்றுபோனால் அவளுடையது. அவளுக்குப் பெயர் உண்டு. ஆனால் என் போனில் கடைசிவரை 'சர்வீஸ்' என்றுதான் இருந்தது, இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

முதல் தடவை அவள் வந்தது என் திரை வெறுமையாகிப் போன நாளில். ஒன்பது அளவுக்கு வரைந்து வைத்திருந்த குழந்தைச் சட்டை மொத்தமும் காணவில்லை. எனக்கு அழுகை வராத குறை. ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் வந்து பின்னால் நின்றாள்.

"கடைசியா என்னத்தத் தொட்டிய?"

"ஒண்ணும் தொடலீங்க. தானா போயிருச்சுங்க."

"தானா எங்க போகும்? அதுக்குக் காலா இருக்கு?"

எனக்குச் சுருக்கென்றது. முதல் தடவை பார்க்கிறவரிடம் எங்கள் பக்கத்தில் இப்படிப் பேச மாட்டார்கள். பேச்சில் ஒரு 'ங்க' கிடையாது. அவள் கோவில்பட்டிக்கும் தெற்கே ஏதோ ஊர். அங்கே 'தொட்டிய' என்பதே மரியாதைப் பேச்சுதான் என்பது பிற்பாடு தெரிந்தது. என்னைவிட எட்டு வயது சின்னவள் வேறு. திரைப்பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள் அங்கேயே நின்றாள். நின்றாள் என்றால் சும்மா நிற்கவில்லை; வலது கால் தரையைத் தட்டிக்கொண்டே இருந்தது. தையல் மிஷின் மிதிக்கிற கால் மாதிரி. அந்தச் சத்தம்தான் கடைசியில் என் வாயைத் திறந்தது.

"மவுசு கீழ விழுந்துருச்சுங்க."

"விழுந்துச்சா, தட்டி உட்டியளா?"

"... நான்தானுங்க தட்டி உட்டேன்."

"ம். எல்லாத்தையும் காட்டுற பொத்தான் மேல இருக்கு பாருங்க. அத அமுக்குங்க."

அமுக்கினேன். சட்டைகள் மொத்தமும் துள்ளிக்கொண்டு வந்து நின்றன. மவுசின் சக்கரம் உருண்டதில் படம் ஒரு புள்ளியளவுக்குச் சுருங்கி எங்கோ ஓரத்துக்குப் போயிருக்கிறது, அவ்வளவுதான். "ஒண்ணும் அழியலக்கா. நீங்கதான் தள்ளிப் போயிட்டிய" என்றாள். அப்போதுதான் கவனித்தேன், அவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்து வைத்திருந்தாள். மவுசைத் தொடவே இல்லை.

எந்தக் கம்பெனிக்குப் போனாலும் அப்படித்தான். கை பின்னால் போய்விடும். ஒருநாள் காரணம் கேட்டேன். "நான் தொட்டா சரியாயிரும். சரியாயிட்டா யாரு என்ன பண்ணுனாங்கங்கறதே மறந்துபோயிரும். அடுத்த வாரம் அதே தப்புக்கு மறுபடி பல்லடத்துல இருந்து இங்க ஓடியாரணும், பெட்ரோல் யாரு போடுவா?" என்றாள். ஆனால் அவள் ஓட்டத்துக்குப் பெட்ரோல் ஒரு பொருட்டே இல்லை. உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. டீ கொடுத்தால் ஜன்னலோரம் நின்று குடிப்பாள், பாதியில் வைத்துவிட்டு பிளாட்டரைச் சுற்றி ஒரு நடை போய் வருவாள். பையில் ஒரு டேப், ஒரு பென் டிரைவ், கீபோர்டுத் தூசிக்கு ஒரு பழைய பல் துலக்கும் பிரஷ், ஒரு ரசீதுப் புத்தகம். போனில் பேசும்போதும் நடந்துகொண்டேதான் பேசுவாள். பின்னணியில் பஸ் ஹாரன், காற்று, யாரோ இந்தியில் கூப்பிடுகிற சத்தம் எல்லாம் கேட்கும்.

அந்த நடைக்கு நடுவில் அவள் சொன்னவற்றைத்தான் இன்றும் என் மேஜைக்கு எதிரே காகிதத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன். பென் டிரைவில் வந்த ஃபைலை அதிலேயே திறந்து வேலை செய்யாதே, முதலில் கம்ப்யூட்டருக்குள் எடுத்துப் போடு. இல்லையென்றால் யாராவது பிடுங்கிய நிமிஷம் ஃபைல் போச்சு. எண் தட்டினால் விழவில்லையா, கீபோர்டைத் திட்டாதே, எண் பூட்டு விளக்கு எரிகிறதா என்று பார். வெளிநாட்டு ஃபைல் இம்மி போலத் தெரிந்தால் அது அங்குலத்தில் வரைந்தது, நீ சென்டிமீட்டரில் திறந்திருக்கிறாய். பிளாட்டர் ஒரே கோட்டை இரண்டு தடவை போட்டுப் பேப்பரைக் கிழித்தால் பேனாவில் குற்றமில்லை, நீ ஒரு கோட்டின் மேல் இன்னொரு கோடு வரைந்து வைத்திருக்கிறாய். 'ஃபைனல்', 'புது ஃபைனல்', 'இதுதான் ஃபைனல்' என்று மூன்று ஃபைல் வைத்திருப்பவள் மூன்றையும் தப்பாகத்தான் திறப்பாள். கடைசியில் சொன்னது என்னைத்தான்.

எங்கள் ஓனரையும் அவள் விட்டு வைக்கவில்லை. ஒருநாள் மென்பொருளே திறக்க மாட்டேன் என்றது. அது திறக்க வேண்டுமானால் கட்டைவிரல் அளவில் ஒரு சாவி கம்ப்யூட்டரில் செருகியிருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் உரிமம் இல்லை என்று திரும்பத் திரும்ப எழுதிக் காட்டும். சாவி மேஜைமேல் கிடந்தது. அவள் பார்த்துவிட்டாள், நானும் பார்த்தேன். எடுத்துச் செருக என் கை போனது. "இருங்கக்கா" என்றாள். பிறகு ஓனர் பக்கம் திரும்பினாள்.

"கடைசியா யாரு என்னத்தத் தொட்டா?"

"ஆருமே தொடலீங்க. காலைல இருந்தே இப்படித்தானுங்க" என்றார் ஓனர். அவருடைய போன் சாவி இருக்க வேண்டிய இடத்தில்தான் செருகிச் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது.

கால் தட்ட ஆரம்பித்தது. நான் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். ஓனர் கூரையைப் பார்த்தார், மின்விசிறியைப் பார்த்தார், தன் போனைப் பார்த்தார். "ஓ... சார்ஜுக்குன்னு நான்தானுங் அதைப் பிடுங்குனேன்" என்றார். எட்டு வருஷமாக வேலை பார்க்கிறேன், அந்த வாயிலிருந்து 'நான்தான்' என்று ஒரு வார்த்தை வந்து நான் கேட்டதில்லை. அவள் "ம்" என்றாள். அவ்வளவுதான். கேலி இல்லை, சிரிப்பு இல்லை. ஒப்புக்கொண்டவரை அவள் மறுபடி ஒரு சொல் கேட்கமாட்டாள்.

ரசீதில் நான்கு வரி இருக்கும். தேதி, பழுது, காரணம், கையெழுத்து. காரணம் என்ற இடத்தில் எப்போதும் ஒரே வார்த்தைதான் எழுதுவாள்: 'தெரிந்தது.' யாரால், எப்படி என்றெல்லாம் எழுதமாட்டாள். அசல் தாள் கம்பெனிக்கு, கீழே கார்பன் நகல் அவளுக்கு. எத்தனையோ பேருடைய மானத்தை அந்த ஒரு வார்த்தைக்குள் மூடி வைத்து எடுத்துப் போயிருக்கிறாள். அதனால்தான் அவளிடம் உண்மையைச் சொல்ல யாரும் பயப்படவில்லை. நான் ஒருத்தி பயந்தேன், அதைத்தான் இப்போது சொல்ல வேண்டும். இவ்வளவு நேரமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறேன்.

இன்னொன்றை மட்டும் முன்னால் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் புரியாது. அவள் வந்தால் முதல் வேலையாகப் பத்துக்குப் பத்து சென்டிமீட்டரில் ஒரு சதுரம் வரையச் சொல்லுவாள். அதைப் பேப்பரில் எடுத்து டேப் வைத்து அளப்பாள். சதுரம் சரியாக இருந்தால் பிளாட்டர்மேல் குற்றமில்லை. "மிஷினுக்கு முதல்ல விடுதலை குடுத்துருவோம். மிச்சம் நாமதான்" என்பாள்.

துணி துவைத்தால் சுருங்கும். எவ்வளவு சுருங்கும் என்று சோதித்து ரிப்போர்ட் வரும். நீளத்தில் நூற்றுக்கு ஐந்து சுருங்கும் என்றால், ரிப்போர்ட்டில் அதை மைனஸ் ஐந்து என்று எழுதியிருப்பார்கள். எங்கள் மென்பொருளில் இருக்கிற கட்டம் வேறு மாதிரி. சுருங்கப் போவதற்கு ஈடாக எவ்வளவு கூட்ட வேண்டும் என்று அது கேட்கிறது. அங்கே வெறும் ஐந்து போட வேண்டும். மைனஸ் போட்டால் கூட்டுவதற்குப் பதிலாகக் குறைத்துவிடும். நான் ரிப்போர்ட்டைப் பார்த்து அப்படியே மைனஸ் ஐந்து என்று தட்டிவிட்டேன். திரையில் ஒன்றும் தெரியாது. பெரிதோ சிறிதோ, திரைக்கு அடங்கத்தான் காட்டும். பேப்பர் போயிற்று, கறுப்பு நிறம் மொத்தமும் வெட்டித் தைத்தாயிற்று. துவைத்து வந்த சட்டையை அளந்தால் ஏழு சென்டிமீட்டர் குட்டை.

கட்டிங்குக்குப் பொறுப்பு தங்கமுத்து அண்ணன். ஐம்பதைத் தாண்டியவர். இடது கையில் இரும்புக் கண்ணிக் கையுறையைப் போட்டுக்கொண்டு நாளெல்லாம் மேஜையைச் சுற்றுகிறவர். என்னை 'அம்மிணி' என்பார். பின்னல் துணி ரோலில் இழுபட்டுச் சுற்றியிருக்கும். ஒரு நாள் பிரித்துப் போட்டு ஆறவிட்டுத்தான் வெட்ட வேண்டும், ஆறவிடாமல் வெட்டினாலும் சட்டை குட்டையாகும். ஓனருக்கு முதலில் அதுதான் தோன்றியது.

"ஏனுங்கண்ணா, துணியப் பிரிச்சுப் போடாமயே விரிச்சுட்டீங்களாட்ட இருக்குதுங்?"

"முழுசா ஒரு நாள் போட்டு வெச்சுத்தானுங்க வெட்டுனேன்."

"அப்பறம் எப்படீங்க குட்டையாகும்?"

"அதுதானுங்க எனக்கும் ஒண்ணும் புரீல."

என் அறைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஃபைலைத் திறந்தேன். மைனஸ் இருந்தது. அந்த மாதம்தான் என்னை அந்த அறைக்குப் பொறுப்பாக ஆக்கியிருந்தார்கள். வீட்டில் எல்லாரிடமும் சொல்லி இனிப்பு கொடுத்திருந்தேன். விரல் போய் மைனஸை அழித்தது என்று எழுத வருகிறது. இல்லை. நான் அழித்தேன். சேமித்தேன். பிளாட்டரையும் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று ஓனர் அவளுக்குப் போன் செய்தது எனக்கு அப்போது தெரியாது.

மதியத்துக்குமுன் வந்துவிட்டாள். சதுரம் வரைந்தோம், எடுத்தோம், அளந்தாள். பத்துக்குப் பத்து. "பிளாட்டருக்கு விடுதலை" என்றாள். ஃபைலில் சட்டையின் நீளத்தை அளந்து காட்டச் சொன்னாள். காட்டினேன். சுருக்கத்துக்குக் கூட்ட வேண்டியது கூட்டிச் சரியாக இருந்தது. "இதுவும் சரி" என்றாள், ஆனால் நெற்றி சுருங்கியது. ஓனர் போனில் யாருக்கோ சமாதானம் சொல்லிக்கொண்டே வெளி வராந்தாவுக்குப் போய்விட்டார். அவள் கதவுப்பக்கம் திரும்பி, "அண்ணே, அந்தக் கறுப்பு வெட்டுன பேப்பர்ல துண்டு ஏதும் கெடக்கா?" என்று கேட்டாள்.

தங்கமுத்து அண்ணன் கழிவுச் சாக்கைக் கிளறி, நடுத்தர அளவுக்கான முன்பாகப் பேப்பரை எடுத்து வந்தார். கசங்கியிருந்ததைத் தன் தொடைமேல் வைத்து நீவிக் கொடுத்தார். அவள் டேப்பை வைத்தாள். எனக்குப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. திரையில் ஒரு அளவு, பேப்பரில் ஒரு அளவு, சதுரம் சரி. நடுவில் யாரோ ஃபைலை மாற்றியிருந்தால்தான் இது நடக்கும். ஃபைலின் பெயருக்குப் பக்கத்தில் கடைசியாகச் சேமித்த நேரம் இருந்தது: அன்றைய தேதி, பதினொன்று பத்து.

"கடைசியா என்னத்தத் தொட்டியக்கா?" மெதுவாகத்தான் கேட்டாள்.

"ஒண்ணும் தொடலீங்க."

கால் தட்டுகிற சத்தத்துக்காகக் காத்திருந்தேன். அன்று அந்தக் கால் தட்டவில்லை. அசையாமல் நின்றாள், கை முதுகுக்குப் பின்னால். தங்கமுத்து அண்ணன் வாசலில் கையுறையைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார். ஓனர் உள்ளே வந்து "என்னங்க ஆச்சு?" என்றதும் நான் முந்திக்கொண்டேன். "மிஷின் எல்லாம் கரெக்டுங்க."

சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. அதுதான் கேவலம். ஓனர் தலையை ஆட்டிக்கொண்டு கட்டிங் மேஜைப் பக்கம் போனார். அவள் ரசீதை எழுதினாள், என் கையெழுத்தை வாங்கினாள், அசலைக் கிழித்து என்னிடம் நீட்டினாள். காரணம் என்ற இடம் காலியாக இருந்தது.

"இத நீங்க எழுதி ஓனர்கிட்டக் குடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் காலை ஓனர் தங்கமுத்து அண்ணனிடம், "கொஞ்ச நாளைக்கு ஊட்டுல ரெஸ்ட் எடுங்கண்ணா, நானே கூப்புடறேன்" என்றார். எங்கள் பக்கத்தில் வேலையை விட்டு அனுப்புவது இப்படித்தான். அதட்டல் இருக்காது, டீகூடக் கொடுத்துத்தான் அனுப்புவார்கள். அண்ணன் கையுறையைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டார். போகும்போது என் அறையின் கண்ணாடிக்குமுன் நின்று, "வர்றனுங் அம்மிணி" என்றார். நான் கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த ரசீதுச் சீட்டு என் சாப்பாட்டுப் பையில் கிடந்தது. இருப்புக்கொள்ளவில்லை. அரிசிம்பருப்புச் சாதத்துக்கு மூன்று விசில் வைக்கிறவள் எட்டு விசில் விட்டுக் குழைத்தேன். கதவைப் பூட்டினேனா என்று பாதி வழியில் திரும்பி வந்தேன். சதுரம் வரைந்து வரைந்து அளந்தேன். ஒவ்வொரு முறையும் பத்துக்குப் பத்துதான். நாலாம் நாள் அதே சட்டையைச் சிவப்பு நிறத்தில் வெட்டினார்கள். புது ஆள் ஒருவர் வந்திருந்தார். வெட்டிய துண்டை ஓனர் தானே அளந்து பார்த்துவிட்டு, மேஜையைத் தட்டிச் சொன்னார்: "பாத்தீங்களா? ஆள் மாறுனதும் அளவு எப்படிக் கச்சிதமா வந்துருச்சு!"

அது கச்சிதமாக வந்தது நான் மைனஸை அழித்ததால். நான் திருத்திய திருத்தமே அந்த மனிதர் தலையில் குற்றத்தை ஆணியடித்து வைத்துவிட்டது. சீட்டையும் பேனாவையும் எடுத்தேன். 'காரணம்: சுருக்க அளவை நான் மைனஸில் போட்டேன். பிறகு நானே அழித்தேன். கட்டிங்கில் தப்பில்லை' என்று எழுதி ஓனர் மேஜையில் வைத்தேன். படித்தார். வெகுநேரம் காலண்டரைப் பார்த்தார்.

"செரீங்க. இனிமே ப்ளஸ் மைனஸ் எல்லாம் பாத்துப் போடுங்க."

"தங்கமுத்து அண்ணனைக் கூப்புட்டுருங்க, சார்."

"கூப்புடலாமுங்க."

அந்தக் 'கூப்புடலாமுங்க'வுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். இந்த வேலைக்கு என்னைப் போல ஆள் கிடைப்பது சிரமம், கட்டிங்குக்கு ஆள் வந்துவிட்டது. கணக்கு அவ்வளவுதான்.

அவளுக்குப் போன் செய்து வரச் சொன்னேன். நால்ரோட்டு பேக்கரி வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தினாள். எழுதிக் கொடுத்துவிட்டதைச் சொன்னேன். "ம்" என்றாள். அந்த 'ம்' எனக்கு ஆத்திரத்தைக் கிளப்பிவிட்டது.

"உங்களுக்கு அன்னைக்கே தெரியுமல்லங்க? ஓனர்கிட்ட நீங்களே சொல்லீருக்கலாமல்ல? நான் சொல்லோணும், நான் சொல்லோணும்னு காத்துக்கிட்டு நின்னீங்க. உங்க வைராக்கியத்துல ஒரு மனுசன் வேலை போச்சுங்களே!"

பேக்கரியில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தப்புச் செய்தவள் நான், சத்தம் போட்டவளும் நான். அவள் டீ கிளாசைக் கையில் வைத்துக்கொண்டு அங்கே போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் ஓரிடத்தில் உட்கார்ந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"கடைசியா நான் தொட்டது அந்தச் சீட்டுக்கா" என்றாள். "அத எழுதாம உங்க கையில குடுத்தேன். எப்பவும் ஆளுக தானே ஒத்துக்கிடுவாக, நீங்களும் அன்னைக்குச் சாயந்தரத்துக்குள்ள எழுதிருவியன்னு நெனச்சேன். நடுவுல அவரு ஒருத்தரு நிக்காருன்னு நான் யோசிக்கவே இல்ல. அது நான் பண்ணுன தப்பு."

அவள் மேல் இருந்த கோபம் தீர்ந்ததா என்றால் இல்லை, இன்றைக்கும் ஒரு ஓரத்தில் இருக்கிறது. ஆனால் தான் கேட்கிற கேள்வியைத் தன்னிடமே கேட்டு, கால் தட்டாமல் உடனே பதில் சொன்ன ஆளை நான் வேறு பார்த்ததில்லை.

"அவுககிட்டச் சொல்லிட்டியளா?" என்றாள்.

"ஆருகிட்டங்க?"

"பேப்பர் எடுத்துக் குடுத்தாகள்லா, அவுககிட்ட."

ஞாயிற்றுக்கிழமை அவள் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வெள்ளகோவில் போனேன். தங்கமுத்து அண்ணன் அங்கே ஒரு பெட்ஷீட் குடோனில் மடிப்பு வேலைக்குப் போகிறார் என்று விசாரித்து வைத்திருந்தாள். ஐந்து அங்குலத் துணி அடுக்கை மயிரிழை பிசகாமல் வெட்டுகிற மனிதர், தரையில் உட்கார்ந்து பெட்ஷீட்டை நாலாக மடித்து உறைக்குள் போட்டுக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க அம்மிணி, வாங்க கண்ணு" என்று சாக்கைத் தட்டி விரித்தார். நான் உட்காரவில்லை. வழியெல்லாம் சொல்லிப் பார்த்து வந்ததில் பாதி மறந்துவிட்டது. மைனஸ் போட்டது, பிறகு அழித்தது, இரண்டையும் மட்டும் சொன்னேன்.

"தெரியுமுங்க" என்றார். "பேப்பரை நீவிக் குடுத்தவன் நான்தானுங்களே. டேப் வெச்சப்பவே தெரிஞ்சுருச்சு."

"அப்பறம் ஏனுங்கண்ணா நீங்க சொல்லல?"

"பொம்பளப்புள்ளையப் போயி எப்படீங்க அத்தன பேருக்கு முன்னால... உடுங்க அம்மிணி. ஆரு வேணும்னா பண்றாங்க? தானா ஆயிருச்சுங்க."

அதை எடுத்துக்கொண்டு திரும்பியிருக்கலாம். காலங்காலமாக எல்லோரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டு திரும்பினோம். நான் பக்கத்தில் பார்த்தேன். அவள் கையைப் பின்னால் கோத்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றாள்.

"இல்லீங்கண்ணா. தானா ஆகல. நான் பண்ணுனேன். உங்களைப் போகச் சொன்னப்பவும் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன்."

அவர் கையிலிருந்த பெட்ஷீட்டைக் கீழே வைத்தார். முகத்திலிருந்த சிரிப்பு போயிருந்தது.

"ஆமா" என்றார். அதில் 'ங்க' இல்லை. "அன்னைக்கு வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லியிருந்தீன்னா, நான் இந்தத் தரையில உக்காந்திருக்க மாட்டேன். பதினேழு வருசம் அந்த மேசையச் சுத்துனவன். களவாணிப்பய மாதிரி கையுறையக் காயிதத்துல சுத்தி எடுத்துட்டு வந்தேன். நீ நிமுந்துகூடப் பாக்கல."

இவ்வளவுதான் சொன்னார். பிறகு பெட்ஷீட்டை எடுத்து மடிக்க ஆரம்பித்தார். நான் அழுதேன். யாரும் தேற்றவில்லை, அது எனக்கு நல்லதாக இருந்தது. பக்கத்து ஊர்க் கம்பெனி ஒன்றில் கட்டிங்குக்கு ஆள் கேட்கிறார்கள், வருகிறீர்களா என்று அவள் விசாரித்தாள். "நெம்பர் குடுத்துட்டுப் போ கண்ணு" என்றார் அவர். என்னிடம் வேறொன்றும் பேசவில்லை. அடுத்த மாதம் அந்தக் கம்பெனியில் சேர்ந்தார் என்று கேள்விப்பட்டேன்.

அடுத்த வருஷம் அவளும் வேலையை விட்டு எங்கோ போய்விட்டாள். இப்போது ஏதாவது நின்றுபோனால் போன் செய்தால் போதும். எங்கோ ஒரு ஊரில் இருந்துகொண்டு என் கம்ப்யூட்டருக்குள் நுழைந்துவிடுகிறார்கள். திரையில் அம்பு தானாக நகர்கிறது, தானாக எதையோ திறக்கிறது, தானாகச் சரியாகிவிடுகிறது. நான் கடைசியாக எதைத் தொட்டேன் என்று ஒருவரும் கேட்பதில்லை. அந்த அம்பு நகரும்போதெல்லாம் என்னால் நாற்காலியில் உட்கார முடியவில்லை. எழுந்து பிளாட்டரைச் சுற்றி ஒரு நடை போய் வருகிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை திரும்பும் வழியில், காங்கேயம் தாண்டியதும் ரோட்டோரம் வண்டியை நிறுத்தினாள். பையிலிருந்து ரசீதுப் புத்தகத்தை எடுத்து ஸ்கூட்டர் சீட்டின்மேல் வைத்து, அன்றைக்குக் காரணம் எழுதாமல் விட்ட சீட்டின் கார்பன் நகலைத் தேடித் திருப்பினாள். காரணம் என்ற இடத்தில் 'தெரிந்தது' என்று எழுதினாள். பேனாவை மூடப் போனவள், மூடாமல் அதன் பக்கத்தில் என் பெயரை எழுதினாள். அதற்குக் கீழே தன் பெயரையும் முழுதாக எழுதினாள். யார் பெயரையும் எழுதாதவள் எழுதிய பெயர்கள் அவை இரண்டுதான்.